ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம்

அந்தக் காரில் என் மகளை மறுபடியும் ஏற்றலாமா, கூடாதா? ஒரு மாதமாக எங்கள் வீட்டில் நடந்த ஒரே வழக்கு இதுதான். கூடவே கூடாது என்று நின்றவள் நான். ஏன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு வெளியே போவதென்றால்கூட அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் கழன்று விழாது. அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே பிறந்த வண்டி. வெண்ணெய் நிறம், முழித்துப் பார்க்கிற மாதிரி இரண்டு உருண்டை விளக்கு. அதை எங்கே நிறுத்தினாலும், எங்கள் ஷெட்டிலேயே நிறுத்தினாலும், பானெட்டைத் திறப்பார். இன்ஜினுக்கு மின்பொறியைப் பங்கிட்டுத் தருகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் இரண்டு கிளிப்பைத் தட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ரோட்டரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கட்டை விரல் அளவு பழுப்பு நிறச் சாமான், அவ்வளவுதான்.

"இது என் பையில இருக்கற வரைக்கும் எந்தக் கொம்பனாலயும் இந்த வண்டிய ஒரு அடி நகத்த முடியாது" என்பார்.

யார் வந்து கேட்டார்கள் அந்த வண்டியை? நான் தையல்காரி. அந்த ரோட்டருக்காகவே அவருடைய எல்லாச் சட்டையிலும் பொத்தான் வைத்த பை தைத்துக் கொடுத்திருக்கிறேன். இல்லாவிட்டால் துணி அலசும்போது வாளிக்குள் 'டங்' என்று விழும், அப்புறம் நாள் முழுக்க நான் ஏதோ பிள்ளையைக் கிணற்றில் போட்ட மாதிரி ஒரு பேச்சு வரும்.

சரி, அன்றைக்கு நடந்ததுக்கு வருகிறேன். எங்கள் வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். மகளின் பள்ளிக்கூடமும் என் தம்பி வீடும் அந்தப் பக்கம். மேம்பாலத்தை ரிப்பேர் என்று மூடிப் போட்டுவிட்டார்கள், அதனால் எல்லா வண்டியும் ரயில் கேட் வழியாகத்தான் போக வேண்டும். பள்ளி விட்டு வாண்டைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். வாண்டு என்றால் என் மகள். ஆறு வயசு, நாக்கு மட்டும் அறுபது வயசு. அவர்தான் ஓட்டினார். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறுவதற்குள் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

உடனே மணி அடிக்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு மாறி மாறி எரிகிறது.

"இறங்குங்க!" என்று கத்திக்கொண்டே பின்கதவைத் திறந்து பிள்ளையை இழுத்தேன். ஒரு கால் செருப்பு அங்கேயே விழுந்துவிட்டது, தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட் கம்பத்துக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், மனுஷன் உள்ளேயே உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறார். வண்டி 'கிர்ர் கிர்ர்' என்கிறது. "விட்டுட்டு வாங்க! அது போனா போகுது, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கையைத் தூக்கிக் காட்டுகிறார், இரு, வந்துவிடும் என்று. எது வந்துவிடும்? ரயில்தான் வந்துகொண்டிருந்தது.

பின்னால் நின்ற லாரியிலிருந்து இரண்டு பேர் குதித்தார்கள், ஒரு பால்வண்டிக்காரரும் ஓடினார். மூன்று பேரும் அவரோடு சேர்த்தே வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். கேட் கம்பம் கூரையை உரசிய கோடு இப்போதும் இருக்கிறது. அவர்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ரயில் கடந்துபோனது. அப்புறம்தான் அவர் இறங்கினார். நேராக முன்னால் போய்ப் பானெட்டைத் திறந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை.

"பாயிண்ட் ஒட்டிக்கிச்சு" என்றார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. வண்டி நின்றதைக்கூட மன்னித்துவிட்டேன், அது இரும்பு, அதற்கு என்ன தெரியும்? இவருக்குத் தெரியாதா? அன்றிலிருந்து வாண்டு எதில் ஏறினாலும், "நின்னுடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். சைக்கிள் பின்னால் உட்கார்ந்தால்கூட அந்தக் கேள்விதான். பஸ்ஸில் ஏறினால் இரண்டு நிறுத்தத்துக்குள் வாந்தி எடுத்துவிடுவாள், அது வேறு. அதனால் அவளைத் தம்பி வீட்டிலேயே விட்டேன். அங்கிருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். ஒரு மாதமாக என் பிள்ளை என் பக்கத்தில் படுக்கவில்லை. அவள் தலையணையை நான் எடுத்து வைக்கவும் இல்லை.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் அவன்தான் ஓட வேண்டும். மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். அவன்தான் வழி சொன்னான்.

"அக்கா, மாமா சொல்ற பாயிண்ட்டுங்கறது கரன்ட்ட விட்டு விட்டுக் கொடுக்கற ரெண்டு சின்னத் தகடு. ஓயாம தொறந்து மூடிக்கிட்டே இருக்கும். தேயும், கருகும், ஒட்டிக்கும். அத எடுத்துட்டு எலெக்ட்ரானிக் போட்டுடலாம். தொடவே தொடாது, தேயவே தேயாது. பழைய வண்டிக்குன்னே செஞ்சு விக்கறாங்க."

"உங்க மாமா ஒத்துக்கணுமே" என்றேன்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

ஒத்துக்கொள்ள வைத்தேன். எப்படி என்றால், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தம்பி மனைவிக்கு வேலை மாறுகிறது, பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் கிடையாது, வாண்டு வீட்டுக்கு வந்தாக வேண்டும். ஒன்று அந்தத் தகட்டை எடுங்கள், இல்லை பிள்ளையை உங்கள் தோளில் தூக்கிக்கொண்டு தினமும் தண்டவாளத்தைத் தாண்டுங்கள், இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். இனிமேல் அந்த வண்டியில் பிள்ளை இருந்தால் ஸ்டீயரிங் என் கையில்தான். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது, தையல் ஊசி மட்டும் பிடிக்கத் தெரிந்தவள் இல்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தான். ஷெட்டில் என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே. யாரோ அவர் பல்லைப் பிடுங்க வந்த மாதிரி முகம்.

"மாமா, ரோட்டர எடுத்துத் தாங்க. உங்க பையிலதானே குடியிருக்கு" என்றான் தம்பி.

"வம்புக்கு இழுக்காத, வேலையப் பாரு."

தம்பி மூடியைக் கழற்றினான். பாயிண்டின் திருகைத் தளர்த்தி, அந்த இரண்டு தகட்டையும் கூடவே இருந்த கண்டென்சர் என்கிற சின்ன டப்பாவையும் வெளியே எடுத்து வைத்தான். தகட்டின் முகம் கருகிப்போயிருந்தது. அவர் அவற்றை ஒரு துணியில் துடைத்து, மாத்திரை டப்பாவில் போட்டு, அலமாரியில் வைத்தார். தூக்கிப்போட மனசு வரவில்லை. நான் பார்த்தேன். இருக்கிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பாயிண்ட் இருந்த இடத்தில் தம்பி கறுப்பாக ஒரு கட்டியை வைத்துத் திருகினான். நடுத்தண்டில் காந்த வளையம் ஒன்றை மோதிரம் மாதிரி இறக்கினான். அதற்கு மேல் ரோட்டர். கட்டியிலிருந்து சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர். காயில் என்கிற மின்சுருளில் எது எந்தப் பக்கம் என்று மூன்று தடவை பார்த்து மாட்டினான். சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. என் தையல் மிஷினுக்குப் புது எண்ணெய் விட்டால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரே சீராக ஓடியது. ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி மினுக்கு விளக்கு ஒன்றை இன்ஜினுக்கு நேராகப் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பி, இறுக்கினான்.

"பொறி விழற டைமிங் கச்சிதம்" என்றான்.

"என் பல்பு சொன்னாத்தான் நான் நம்புவேன்" என்று இவர் முணுமுணுத்தார்.

அந்தப் பல்பு அவருடைய பழைய பழக்கம். சின்ன பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருப்பார். சாவியை ஆனில் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல், கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பல்பைப் பார்ப்பார். பாயிண்ட் திறக்கிற இடத்தில் பல்பு எரியும். மாதம் ஒரு தடவையாவது இந்தச் சடங்கு உண்டு. மணிக்கணக்கில் குனிந்து நிற்பார்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மாமா, அந்தப் பல்பு வேலையெல்லாம் இனிமே கூடாது. இன்ஜின் ஓடாம சாவிய ஆன்ல போட்டு வைக்கவே வைக்காதீங்க. கொஞ்ச நேரத்துலயே உள்ள சூடாகி இது செத்துடும். செத்தா செத்ததுதான், ராவி எல்லாம் சரி பண்ண முடியாது."

"எனக்கே சொல்லித் தரியா, மச்சான்?"

"சொல்லல மாமா. கால்ல விழுந்து கேட்டுக்கறேன்" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முன்னறையில் ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கருகிய வாசனை வந்தது. அடுத்த வீட்டு வரைக்கும் போகிற வாசனை. இஸ்திரிப் பெட்டியைத்தான் கவனிக்காமல் விட்டேனோ என்று பதறி எழுந்து ஓடினேன். அது அணைந்து, குளிர்ந்து கிடந்தது.

"ஏங்க, என்னமோ கருகுது!"

"ஒண்ணுமில்ல, ஃபேன் பெல்ட்டுல எண்ணெய் பட்டுடுச்சு" என்று ஷெட்டிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் கொஞ்சம் சரியில்லை. நான் கோட்டுக்காரரின் அவசரத்தில் இருந்தேன், விட்டுவிட்டேன். அப்போதே எழுந்துபோய்ப் பார்த்திருக்க வேண்டியவள்.

அன்றைக்கு வாண்டுக்கு அரை நாள் பள்ளி, அவரும் லீவு போட்டிருந்தார், மத்தியானம் கிளம்பினோம். பின்சீட்டில் வாண்டுக்கென்று புதுசாக ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தேன், மஞ்சள் துணியில், இடுப்பில் கட்ட இரண்டு பட்டை வைத்து. நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காரும்போது சட்டைப்பையில் ஏதோ கலகலத்தது. ரோட்டர் வண்டியில்தானே இருக்கிறது, பையில் என்ன?

"பையில என்ன வெச்சிருக்கீங்க?"

"தகட்டுக் கட்டு."

பாயிண்டின் இடைவெளியை அளக்கிற மெல்லிய இரும்புத் தகடுகள் அவை, விசிறி மாதிரி விரியும். அதை அவர் பாயிண்டில் கை வைக்கிற நாளில்தான் எடுப்பார். "அதுதான் பாயிண்ட்டே இல்லையே, இது எதுக்கு?" என்றேன்.

"சும்மா. பழக்கம்."

சாவியைத் திருப்பினேன். முதல் தடவை பிடிக்கவில்லை, இரண்டாவது தடவை பிடித்தது. நேற்று முதல் திருப்பிலேயே பிடித்ததே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, நான் கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லை போல என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

தெருமுனை திரும்பியதும் அவர் சொன்னார், "மேம்பாலம் தொறந்துட்டாங்களான்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமா?"

"நேத்துதானே உங்க மச்சான் அந்த வழியா வந்தான். மூடித்தான் கிடக்குன்னு சொன்னான்ல?"

"ஆமா, சொன்னான்."

கொஞ்ச தூரம் போனோம். ஜன்னலை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி நெளியறீங்க? நான் ஓட்டறது பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க."

"நல்லாத்தான் ஓட்டற" என்றார். என் ஓட்டலை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. இந்த மனிதர் வாயிலிருந்து பாராட்டு வந்தால் எங்கோ எதுவோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேட் தெருவில் வரிசை நின்றது. கேட் திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கத்து வண்டிகள் வந்துகொண்டிருந்ததால் எங்கள் பக்கம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, மரப்பலகை ஏற்றியது. பின்னால் ஒரு வேன். வெயில் பானெட்டில் பட்டுத் தகித்தது. நின்று நின்று நகர்வதில் இன்ஜின் சூடேறியது காலில் தெரிந்தது.

அப்போது வண்டி இருமியது.

ஒரே ஒரு இருமல். எனக்கு அந்த இருமல் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"என்ன அது?"

"பெட்ரோல்ல தூசியா இருக்கும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை, மஞ்சள் மெத்தைதான் இருந்தது, இரண்டு பட்டையும் தொங்கிக்கொண்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி தண்டவாளத்தில் ஏறியது. பலகைகள் குலுங்கின. அது அந்தப் பக்கம் இறங்கியதும் பின்னால் வேன்காரன் ஹாரன் அடித்தான். என் முறை. கியரைப் போட்டேன், கிளட்சை விட்டேன், வண்டி உருண்டது. கம்பத்துக்கும் எங்களுக்கும் ஒரு வண்டி நீளம் இருந்திருக்கும்.

"நிறுத்து" என்றார்.

"என்ன?"

"நிறுத்து! போகாத! நிறுத்து!"

நான் பிரேக்கில் காலை வைப்பதற்குள் அவர் குறுக்கே கை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டார். வண்டி குலுங்கி, கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. பின்னால் வேன் கிறீச்சிட்டது. அடுத்த நொடி எத்தனை ஹாரன்! ஒருவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் பரம்பரையையே விசாரித்தான்.

"அது வண்டில இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"எது?"

"மச்சான் போட்டது."

பொத்தானை அவிழ்த்துப் பையிலிருந்து எடுத்தார். தம்பி வைத்த கறுப்புக் கட்டி. ஒரு பக்கம் உப்பி, மெழுகு வழிந்த மாதிரி உருகி இறுகியிருந்தது. காலையில் நான் முகர்ந்த அதே வாசனை அவர் உள்ளங்கையிலிருந்து வந்தது.

"பல்பு வெச்சுப் பாத்தேன். காலைல. அவன் வெச்ச டைமிங் மேல எனக்கு நம்பிக்கையில்ல. பல்பு எரியற மாதிரி எரியல. ஏன் எரியலன்னு சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டே நின்னேன், சாவி ஆன்ல இருந்தது மறந்தே போச்சு. பொகை வந்தப்புறம்தான் புத்தி வந்துச்சு."

"அப்ப இப்ப உள்ள என்ன இருக்கு?"

"பழைய பாயிண்ட். பழைய கண்டென்சர். தேச்சு மாட்டினேன். போயிடும்னு நெனச்சேன்."

என் வாயில் எவ்வளவோ வந்தது. அதற்குள் மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது, கம்பம் எங்கள் பானெட்டுக்கு முன்னால் இறங்கியது. ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில், பெட்டிக்குப் பெட்டி தரை அதிர்ந்தது. கத்தினாலும் யாருக்கும் கேட்காது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இன்ஜினை அணைக்காமல் இருந்திருந்தால் நாங்கள் இந்நேரம் தாண்டிப் போயிருக்கலாம். நடுவிலும் நின்றிருக்கலாம். போகும்போது தாண்டியிருந்தால், திரும்பி வரும்போது அந்த மஞ்சள் மெத்தையில் பிள்ளை இருந்திருப்பாள். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

கடைசிப் பெட்டி போனது. கம்பம் ஏறியது. ஹாரன்கள் மறுபடி ஆரம்பித்தன.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். பானெட் பக்கம் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் பானெட்டைத் தாண்டி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கு" என்றார். "வா, இறங்கு."

வேன்காரனும் இன்னொருவரும் திட்டிக்கொண்டே கை கொடுக்க, வண்டியை ஓரமாகத் தள்ளினோம். திட்டியவர்கள் போனதும் என் முறை வந்தது. ஓரத்துச் சுவரில் அவரை நிறுத்திவைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன்.

"கருகுதுன்னு கேட்டேன்ல? பெல்ட்டுன்னு வாய் கூசாம சொன்னீங்க! தகட்டுக் கட்டு எதுக்குன்னு கேட்டேன், பழக்கமாம் பழக்கம்! என்ன நம்பவெச்சுக் கொண்டுபோய்த் தண்டவாளத்துல நிறுத்தப் பாத்தீங்களே, நீங்கள்லாம் ஒரு மனுஷனா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ்ல போயிருக்க மாட்டோமா? வாந்தி எடுத்தா எடுக்கட்டும், அலசிப் போட எனக்குக் கை இல்லையா?"

"சொல்ல வாய் வரல."

"ஏன் வரல? பொய் சொல்ல மட்டும் வாய் வருதுல்ல?"

"கால்ல விழறேன்னு சொல்லிட்டுப் போனான் உன் தம்பி. ஒரு ராத்திரி தாங்கல. காலைலயே சுட்டு வெச்சுட்டேன். அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது? இன்னொண்ணு வரவழைக்க ஒரு வாரம் ஆகும். வாண்டு இன்னிக்கு வரணும். நீ அந்த மெத்தைய வேற தெச்சு வெச்சிருக்க." அவர் குரல் உடைந்தது. "இருமிச்சுல்ல, அப்ப அந்த மெத்தையத்தான் பாத்தேன். அதுல அவ உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு."

ஜன்னல் வழியாக நானும் அந்த மெத்தையைப் பார்த்தேன்.

"அன்னிக்கே நான் இறங்கியிருக்கணும்" என்றார். "நீ கூப்ட்டப்பவே. வண்டிய விட்டுட்டு வந்திருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஒரு மாதம் காத்திருந்தேன். வந்தால் என்னென்னவோ பதில் சொல்ல வேண்டும் என்று வெட்டித் தைத்து அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் கைக்கு வரவில்லை. மூக்கைச் சிந்திச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

"நேரமாச்சு. உங்க மச்சான் பொண்டாட்டி வேலைக்குக் கிளம்பணும். நடங்க" என்றேன்.

நடந்தோம். தண்டவாளத்தில் ஜல்லி வழுக்கும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதுசில்கூடத் தெருவில் கை பிடிக்காத ஆள். இரண்டு தண்டவாளத்தையும் தாண்டி அந்தப் பக்கம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லையே.

"ஏங்க, ரோட்டர எடுத்தீங்களா?"

பையைத் தொட்டுப் பார்த்தார். "இல்ல."

"சாவி?"

"வண்டிலயே இருக்கு."

"கதவாவது பூட்டினீங்களா?"

"இல்ல."

"போய் எடுத்துட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன். எவனாவது ஓட்டிக்கிட்டுப் போயிடப் போறான்."

"போனா போகட்டும்" என்றார். நடையை நிறுத்தவில்லை.

எனக்கு நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது. இந்த முறை துடைக்கவும் இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அழுதுகொண்டே நடந்தேன்.

தம்பி வீட்டில் அவன்தான் கதவைத் திறந்தான், வேலை உடுப்போடு. சாப்பிட வந்திருக்கிறான். எங்கள் காலைப் பார்த்தான், பின்னால் தெருவைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்து, அந்தக் கறுப்புக் கட்டியை உள்ளங்கையில் வைத்தார்.

"நான்தான் சுட்டேன், மச்சான். நீ சொன்னத கேக்கல. பல்பு வெச்சுப் பாத்தேன்."

தம்பிக்குக் கிண்டல் நாக்கு நுனியில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தான், விழுங்கிவிட்டான். "சரி விடுங்க மாமா. இன்னொண்ணு சொல்லிடுவோம். உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றான்.

அதற்குள் வாண்டு பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு மாதமாகத் தயாராகக் கட்டி வைத்திருந்த பை. வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கார் இல்லை. அவள் முகம் சுருங்கியது, இரண்டு கையும், அன்றைக்கு ரயில் போனபோது பொத்திக்கொண்ட மாதிரி, தானாகக் காதுக்குப் போனது.

"அப்பா, கார் நின்னுடுச்சா?"

அவர் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் கைகளைக் காதிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இல்லடா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார்.